கூடாரம் அடிக்கத் தோதான இடம்

நகரத்தின் சத்தத்தில் கணிசமான பங்கு மெக்கானிக்கின் கைவண்ணம். மின்சாரம் போனதும் மருத்துவமனைக்குப் பின்னால், துணிக்கடை மொட்டைமாடியில், அடுக்குமாடிகளின் இடுக்கில் என்று உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர்களில் பாதியை இறக்கி வைத்தவன் அவன். மீதியைப் பழுது பார்ப்பவனும் அவன்தான். ஒரு தெரு முழுக்க ஒரே நேரத்தில் தடதடத்தால், மேடையில் தன் பிள்ளை பாடுவதைக் கேட்கிற தகப்பன் மாதிரி அவன் முகம் மலர்ந்துவிடும். அப்படிப்பட்டவன் ஞாயிறு தவறாமல் பைக்கை எடுத்துக்கொண்டு சத்தமில்லாத இடம் தேடி அலைந்தான் என்றால், பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள்.

தேடியது மனைவிக்காக. அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

அவள் வேலை ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காலையில் ஹெட்போனை மாட்டினால், வந்து சேராத பார்சலுக்காகவும் உடைந்து வந்த பார்சலுக்காகவும் ஊரே அவள் காதுக்குள் புகுந்து கத்தும். உங்கள் கோபம் எங்களுக்குப் புரிகிறது என்று சாயங்காலம் வரை சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவாள். வீடு மூன்றாவது மாடி. கீழே பேருந்துகள் திரும்புகிற முனை. திரும்பும் ஒவ்வொரு பேருந்தும் ஹாரன் அடித்தே தீரவேண்டும் என்று எங்கோ சட்டம் இருக்கிறது. எதிரே கட்டடத்துக்குக் கடைக்கால் இறக்குகிறார்கள். இரும்புத் தூணைத் தலையில் அடித்து அடித்து இறக்குவதில் வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மேல் வீட்டில் மேஜையை நகர்த்துவார்கள். எங்கேதான் நகர்த்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு தூரம் மேஜை போக அந்த வீட்டில் இடமே கிடையாது.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். தலையணையைத் தலைக்கு மேலே போட்டுப் பார்த்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவராமல் காலைத் தலைசுற்றலை மட்டும் பொறுப்பாகக் கொண்டுவந்து சேர்த்தது. கரண்டி கீழே விழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டாள். சத்தத்தின் மேல் இருந்த வெறுப்பில் தன் குரலையும் குறைத்துக்கொண்டாள். வீட்டில் அவள் பேசுவது, பக்கத்தில் யாரோ தூங்குவது போலவும் எழுப்பிவிடக் கூடாது என்பது போலவும் இருக்கும்.

ஒரு நாள் சமையலறையில், அவன் எதிரே வந்து நின்று சொன்னாள். "நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

அவள் அண்ணன் வேறு ஊரில், முட்டுச்சந்துக் கடைசி வீட்டில் இருக்கிறார். பின்சுவரை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். மச்சானுக்குக் கிடைத்த அக்கம்பக்கம் மாதிரி யாருக்கும் கிடைக்காது, ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று மெக்கானிக்கே பலமுறை கேலி செய்திருக்கிறான்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

போகிறேன் என்றதைக்கூட அவன் தாங்கியிருப்பான். அந்தத் தெரியலதான் தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக நின்றது.

"இந்தா பாரு, எனக்கு ஒரு சான்ஸ் குடு. பக்கத்துலயே, வண்டில போய்ட்டு வர்ற தூரத்துல, சத்தமே இல்லாத இடமா ஒண்ணு கண்டுபிடிக்கறேன். கூடாரம் போட்டுப் படுப்போம். லீவு கெடைக்கறப்பல்லாம் போவோம். அங்க நீ நல்லா தூங்கிட்டேன்னா போக மாட்ட இல்ல?"

அவள் அவனை வினோதமாகப் பார்த்தாள். "நான் இருக்கணுமா உங்களுக்கு?"

"பின்ன? எனக்கு யாரு சட்டைக்குப் பட்டன் தைக்கிறது?"

ஜோக் அடித்ததாக நினைப்பு. அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவன் முகத்திலேயே எதையோ தேடிவிட்டு, "சரி, பாருங்க," என்றாள். இந்த மாதம் முடியும் வரை என்று கெடுவும் சொன்னாள்.

கூடாரம் இரவல். அவனோடு வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியனுடையது. "அண்ணே, வீட்டுக்குள்ளயே அடிச்சுத் தனியா படுத்துக்கப் போறீங்களா? அவ்ளோ மோசமாயிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தான். கேலிதான். இருந்தாலும் அதைக் கேட்டு மெக்கானிக்கின் காது மடல் சுட்டது.

முதல் ஞாயிறு நீர்த்தேக்கக் கரை. நகரத்திலிருந்து நிம்மதி தேடி வந்தவர்கள் ஆளுக்கொரு ஸ்பீக்கரில் தங்கள் நிம்மதியைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். அடுத்தது மலையடிவாரம். இயற்கையின் மடி என்று பலகை போட்டு, கூடாரங்களைப் பஸ் டெப்போ மாதிரி வரிசையாக நிறுத்தி வாடகைக்கு விட்டிருந்தார்கள். இயற்கையின் மடிக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் அவனை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க போட்டுக் குடுத்த மெஷின்தான் சார். கல்லு மாதிரி ஓடுது!" மெக்கானிக்குக்குப் பெருமைப்படுவதா, ஓடிப்போய் அணைப்பதா என்று தெரியவில்லை. ஆற்றோரம் போனான், மணல் லாரிகள் அவனுக்கு முன்பே போயிருந்தன. காட்டு எல்லையில் காவலர் மறித்தார். "பொழுது சாஞ்சப்புறம் யாரும் இருக்கக் கூடாது, மிருகம் வரும்," என்றார். "சத்தம் போடுமா சார்?" என்று கேட்டான் மெக்கானிக். "அது போடாது. நீங்க போடுவீங்க," என்றார் அவர்.

அவனிடம் ஒரு சோதனை முறை இருந்தது. இடத்துக்குப் போனதும் பைக்கை அணைப்பான். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவான். டீ தீருவதற்குள் காதில் ஏதாவது விழுந்தால் இடம் தேறவில்லை. இதுவரை எந்த இடத்திலும் பாதி டம்ளரைத் தாண்டியதில்லை. எங்கிருந்தாவது ஒரு லாரி, ஒரு பம்புசெட், ஒரு நாய் வந்துவிடும். ஓடுகிற இஞ்சினில் பேரிங் போய்விட்டதா என்று விரல் நுனியை வைத்தே சொல்லிவிடுகிற ஆள். தன் காதைப் பற்றி அவனுக்குக் கர்வம் உண்டு.

மாதம் முடியப் போகிற வாரம்தான் தோப்பு கிடைத்தது. நெடுஞ்சாலையை விட்டு, செங்கல் சூளையைத் தாண்டி, வண்டித்தடம் போன போக்கில் போனால் உயரமான பழைய மரங்கள். நடுவே வெயில் விழாத சமதரை. டீ ஊற்றினான். கண்ணை மூடினான். குடித்து முடித்தான். ஒன்றுமே இல்லை. காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிற மாதிரி ஒன்றுமே இல்லை. இன்னொரு டம்ளர் ஊற்றினான். அதுவும் தீர்ந்தது. மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது அந்த அமைதி.

தோப்புக்குச் சொந்தக்காரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். "என்னத்தத் தேடறீங்க இங்க? ஒண்ணும் இல்லையே," என்றாள் கிட்டே வந்து.

"ஒண்ணும் இல்லைன்னுதாங்க வந்தேன். சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரியும் கூடாரம் போட்டுக்கலாமா? தூங்கறதுக்கு."

"தூங்கறதுக்கா? இங்கயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆடுகளின் பின்னால் போனவள் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னாள். தூரத்திலிருந்ததால் சரியாக விழவில்லை. காதருகே கையைக் கொண்டுபோய் விரல்களைச் சுழற்றிக் காட்டினாள். மெக்கானிக் தலையை ஆட்டினான். கொசுவைச் சொல்கிறாள். திரும்புகிற வழியில் கொசுவர்த்தி வாங்கினான்.

சனிக்கிழமை கம்பெனி வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பின்னால் ஸ்பேனர் பெட்டிகளுக்கும் டீசல் கேனுக்கும் நடுவே கூடாரமும் போர்வைகளும். வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். செங்கல் சூளை தாண்டியதும் கண்ணாடியை இறக்கினாள். உடனே ஏற்றினாள். தூசிக்காக என்று நினைத்துக்கொண்டான்.

தோப்புக்குள் வண்டியை நிறுத்தி, இறங்கி, புது வீட்டைக் காட்டுகிறவன் போல இரண்டு கையையும் விரித்தான். "எப்படி?"

அவள் இறங்கி அப்படியே நின்றாள். மரங்களை அண்ணாந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பேச்சே வரவில்லை அவளுக்கு என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். மறுபக்கம் திரும்பிக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள்.

"ம்," என்றான் அவன், கூடாரப் பையை இறக்கியபடி.

முளைகளை அடித்தான். கயிற்றை இழுத்துக் கட்டினான். கம்பிகள் எந்த ஓட்டைக்குள் போகின்றன என்பதில் கொஞ்சம் தகராறு இருந்தது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டும் மறுபக்கம் குனிந்துகொண்டும், முதுகு பிடித்த ஒட்டகம் மாதிரி கூடாரம் எழுந்து நின்றது. வெயில் தணிந்து தோப்புக்குள் மஞ்சள் வெளிச்சம் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தால், அவள் வேன் சக்கரத்தை ஒட்டிக் குந்தி, இரண்டு காதையும் உள்ளங்கையால் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சும்மா? தலைவலியா?"

அவள் தலையைத் தூக்கினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் குரல் உயர்ந்தது. "என்னங்க, விளையாடறீங்களா? வேணும்னே பண்றீங்களா?"

"என்ன பண்ணேன்?"

"இந்தச் சத்தத்துலயா என்னைத் தூங்கச் சொல்றீங்க?"

"எந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தமா! தோப்பே கத்துதுங்க. மரத்துக்கு மரம் பூச்சி. மண்டைக்குள்ள ரம்பம் விடற மாதிரி இருக்கு. சில்வண்டுங்க! இவ்ளோ சில்வண்டு ஒரே இடத்துல நான் கேட்டதே இல்ல."

மெக்கானிக் காதைத் தீட்டினான். தூரத்தில் எங்கோ ஒரு டிராக்டர். அது கேட்டது. அவ்வளவுதான். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்த கோபம் அப்படியே நின்றுபோயிற்று. எழுந்து வந்தாள். அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, ஒரு மரத்தைப் பார்த்து நிற்க வைத்தாள். "இப்படியே நில்லுங்க. திரும்பாதீங்க. நான் பேசறது கேக்குதா பாருங்க."

நின்றான். கண்ணுக்கு நேரே மரப்பட்டை. பட்டையின் நிறத்திலேயே, கண்ணாடி இறக்கையோடு, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தான். அதன் வயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. சும்மா நடுக்கம் இல்லை. ஏறி இறங்கி, ஒரே கதியில், நின்று நிதானிக்காத நடுக்கம். மெல்ல விரலை நீட்டி அதன் மேல் வைத்தான். பறந்து போவதற்கு முன்னால் ஒரு கணம் விரல் நுனி அதிர்ந்தது. அவனுக்குத் தெரிந்த அதிர்வுதான். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிற மெஷின். அதில் சந்தேகமே இல்லை. சத்தத்தை மட்டும் யாரோ பிடுங்கி எடுத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினான். அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் நீர்.

"ஆரம்பிக்கலையா?" என்று கேட்டான்.

"பேசி முடிச்சிட்டேன்," என்றாள் அவள்.

இருட்டத் தொடங்கும் வரை இருவரும் வேனுக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே டீசல் வாடை. அவள் அவன் பக்கம் திரும்பி, வாயசைவு தெரியும்படி பேசினாள்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"தெரியலம்மா. கேக்கலைன்னு எப்படித் தெரியும்? கேக்காதது கேக்கவே இல்லையே."

உண்மைதான். இஞ்சின்களை அவன் கையால் கேட்டான். எதிரே நின்று பேசுகிறவர்களை உதட்டால் கேட்டான். வீட்டில் மகள் இருந்தவரை, அம்மா உங்களத்தான் கூப்பிடறாங்கப்பா என்று அவன் தோளைத் தட்டிவிடுவாள். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதிலிருந்து தட்ட ஆளில்லை. மற்றதற்கெல்லாம் அவன் ஒரு வழி வைத்திருந்தான். ம் என்பான். பெரும்பாலும் அது சரியான பதிலாகவே இருந்துவந்தது. இல்லையென்றாலும் யாரும் பெரிதாக நஷ்டப்பட்டதில்லை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தான்.

"படுக்கைல விளக்கணைச்சதும் நான் பேசிட்டு இருப்பேனே, அது?"

"நீ பேசுவியா?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "தினமும் பேசுவேன். ஆபீஸ்ல நடந்தது, எனக்கு பயமா இருக்குன்னு, எல்லாம். ஒரு நாள் கேட்டேன். நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்குமான்னு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டான். "நான் என்ன சொன்னேன்?"

"ம்னீங்க."

"ஐயோ, நான் எல்லாத்துக்கும் அப்படித்தானே சொல்லுவேன்!"

"நிஜமாவான்னு திரும்பக் கேட்டேன்."

"அதுக்கு?"

"அதுக்கும் ம்னீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. வேனே குலுங்குகிற மாதிரி இருவரும் சிரித்தார்கள். அவன் முதலில் நிறுத்திப் பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். எப்போது மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை. சத்தத்தில் வித்தியாசம் கேட்கவில்லை.

"காதுல வைக்கிற மெஷின் இருக்காம்," என்றான். "வாங்கிடுவோம். சர்வீஸ்கூட நானே பண்ணிப்பேன்."

"வாங்கிக்கங்க," என்றாள். வாங்கிடுவோம் என்று அவள் சொல்லவில்லை.

பிறகு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையையும் அவன் கையில் எடுத்து வைப்பது போலச் சொன்னாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க. அந்த ம்முக்கு அப்புறம் ரொம்ப அழுதேன். இருக்கறதா போறதான்னு தினம் மனசுக்குள்ள சண்டை. ஒரு நாள் அந்தச் சண்டை நின்னுபோச்சு. இப்ப தப்பு யார் மேலயும் இல்லைன்னு தெரிஞ்சதும், இருக்கணும்ங்கற மனசு திரும்பி வந்துடும்னு பாக்கறேன். வர மாட்டேங்குது."

"கொஞ்ச நாள்ல வரும்."

"வரட்டும். ஆனா இங்க இருந்து எப்படி? இனிமே உங்ககிட்ட எது சொல்லணும்னாலும் நான் கத்தணும். நாள் பூரா கத்தறவங்களக் கேட்டுட்டு வந்து, வீட்டுல நானும் கத்தணுமா? மெதுவாப் பேசினா உங்களுக்கு நான் இல்ல. சத்தமாப் பேசினா எனக்கே நான் இல்லைங்க."

 அவனுக்கு ம் சொல்லக்கூடப் பயமாக இருந்தது.

அன்று அவள் வேனிலேயே, கண்ணாடி ஏற்றிய கதவில் தலையைச் சாய்த்துப் படுத்தாள். அவன் ஒட்டகத்துக்குள் போய்ப் படுத்தான். அவளுக்காகத் தேடிய அமைதி முழுவதும் அவனுக்குக் கிடைத்தது. ஆனால் அவன்தான் தூங்கவில்லை. இருட்டில், மரத்துக்கு மரம் பூச்சிகளின் வயிறு நடுங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிடந்தான். இவ்வளவு கூட்டம் தன்னைச் சுற்றி வாய் ஓயாமல் கத்த, தான் மட்டும் அமைதி என்று ரசித்து இரண்டு டம்ளர் டீ குடித்ததை நினைத்ததும், அவமானத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். யார் பார்த்தார்கள் என்று மூடினானோ.

விடிந்ததும் வெளியே வந்து முளைகளைப் பிடுங்கினான். பனியில் கயிறு ஊறி, முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெருடிக்கொண்டிருந்தபோது வேன் கதவு திறந்தது. அவள் இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளும் தூங்கவில்லை.

அவனுக்குக் கேட்க வேண்டும் என்று, அவ்வளவு தூரத்துக்குத் தேவையான அளவு குரலை உயர்த்திச் சொன்னாள். "நான் போறேங்க. அண்ணனுக்கு இன்னிக்கே சொல்லிடறேன்."

அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு எழுத்துக்கூட விடுபடவில்லை.

"என்ன?" என்றான்.

அவள் கதவை விட்டுவிட்டு வந்தாள். ஈரப் புல்லில் செருப்பு வழுக்க, பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்தாள். குனிந்திருந்தவன் தோளில் கையை வைத்து, காதோரம் வாயைக் கொண்டுவந்து, மெதுவாக, பொறுமையாக, திரும்பச் சொன்னாள். அவள் மூச்சு காதில் பட்டது. எத்தனை மாதமாயிற்று அவள் இவ்வளவு கிட்டே வந்து.

மூன்றாவது தடவையும் கேட்கலாமா என்று வாயெடுத்தான். அவள் கையை எடுக்காமல் காத்திருந்தாள். கேட்டால் சொல்லியிருப்பாள். அலுத்துக்கொள்ளாமல், இன்னும் நெருங்கி வந்து சொல்லியிருப்பாள்.

"கேட்டுடுச்சு," என்றான்.